பேராக் ஆற்று மின்சாரம் போன வழி

மின்சாரம் என்றதும் நம்மில் பலருக்கு மாதக் கடைசியில் வந்து விழும் பில்தான் நினைவுக்கு வருகிறது. அஃது எங்கே பிறக்கிறது, எந்த வழியாக நடந்து நம் வீட்டை அடைகிறது, வழியில் யார் வீட்டை ஒதுக்கிவிட்டு வருகிறது என்ற கேள்விகளை நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காலம் இது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மின்சாரம் செய்தது போதும், இனிக் கதிரவனிடமும் நீரிடமும் காற்றிடமும் பெறுவோம் என்று உலகத்து அரசாங்கங்கள் பேசுகின்றன. மலேசிய அரசாங்கமும் 2023 ஆம் ஆண்டில் இதற்கென ஒரு வழிகாட்டித் திட்டத்தை வெளியிட்டது. புது யுகம் பிறக்கப் போகிறது என்றே பலரும் எழுதி வருகிறார்கள்.

பேராக் மாநிலத்தாருக்கு இதில் அத்தனை புதுமை இல்லை. கோலகங்சாரிலிருந்து லெங்கோங், கிரிக் ஊர்களுக்குப் போகும் சாலையில் பயணம் செய்தவர்கள் செண்டரோ ஏரியைப் பார்த்திருப்பார்கள். அந்த ஏரியைத் தேக்கி நிற்கும் அணை 1930 முதல் புகையில்லாத மின்சாரம் தந்து வருகிறது. நூறாண்டுக் காலத்துக்குள் இந்த மாநிலம் விறகிலிருந்து நிலக்கரிக்கும், நிலக்கரியிலிருந்து நீருக்கும், பின்னர் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறி, மறுபடியும் நிலக்கரிக்கே திரும்பி, இப்போது வெயிலைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பணம் போட்டவர் ஒருவர், வெளிச்சம் பெற்றவர் ஒருவர், இருட்டிலேயே இருந்தவர் இன்னொருவர். அந்த வரலாற்றைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேராக்கின் மின்சார வரலாறு விளக்கில் தொடங்கவில்லை, தண்ணீர் இறைப்பதில் தொடங்கிற்று. ஈயம் மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. குழி தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது. தண்ணீரை வெளியேற்றினால்தான் ஈய மணலை அள்ள முடியும். தொடக்கத்தில் சீனச் சுரங்கக்காரர்கள் மரச் சங்கிலி ஏற்றங்களைக் கொண்டு இறைத்தனர். சர் ஹியூ லோ பேராக்கின் ரெசிடெண்டாக வந்த 1877 ஆம் ஆண்டில் தைப்பிங் வட்டாரத்தில் நீராவிப் பம்பு ஒன்று வைக்கப்பட்டது. அது நன்றாக வேலை செய்யவே, நீராவி இயந்திரங்கள் லாருட்டிலும் பிறகு கிந்தாப் பள்ளத்தாக்கிலும் பெருகின. நீராவிக்கு நெருப்பு வேண்டும், நெருப்புக்கு விறகு வேண்டும். ஈயத்தை உருக்கும் உலைகளுக்கோ மரக்கரி வேண்டும். ஆகவே சுரங்கங்களைச் சூழ்ந்த காடுகள் வெட்டுண்டன. காட்டு இலாகா விறகுக்கென்றே காடுகளை ஒதுக்கிக் காவல் காக்க வேண்டிய நிலை வந்தது. சுரங்கம் இருக்கும், காடு இருக்காது, காடில்லாவிட்டால் சுரங்கமும் நிற்கும் என்ற கவலை அன்றே அதிகாரிகளைப் பிடித்துக்கொண்டது. எரிபொருள் தீர்ந்துபோகுமே என்ற அச்சம் நம் காலத்துக்கு மட்டும் உரியதன்று என்பது இங்கே நினைக்கத்தக்கது.

கோப்பெங்கில் இருந்தவர்கள் வேறு வழி கண்டனர். மலைமேல் ஓடும் நீரைப் பெரிய இரும்புக் குழாய்களில் இறக்கி, அந்த வேகத்தாலேயே மண்ணைக் கரைத்தனர். நெருப்பு இல்லை, புகையும் இல்லை. ஆனால் அதற்கு மலை அருகே இருக்க வேண்டும், குழாய் போடப் பெரும் முதலும் வேண்டும். முதல் இருந்த ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு அது கைகூடிற்று.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போவது முறையன்று. மலாயாவில் முதன்முதலாக மின்சாரம் பயன்பட்டது 1894 ஆம் ஆண்டில், சிலாங்கூரின் ரவாங் ஈயச் சுரங்கத்தில் என்பது வரலாறு. பம்புகளை மின்சாரத்தால் ஓட்டிய அச்சுரங்கத்தை நடத்தியவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ. மற்றவர் கே. தம்புசாமிப் பிள்ளை, கோலாலம்பூர் மாரியம்மன் கோயில் வரலாற்றில் நாம் அறிந்த அதே தம்புசாமிப் பிள்ளைதான். கோயில் கட்டிய கைகள் மின்சாரத்தையும் கொண்டுவந்தன என்பதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எவரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. 1900 இல் பகாங் மாநிலத்து ரவூப் தங்கச் சுரங்கத்தார் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்தனர். இவை இரண்டும் தத்தம் சுரங்கத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடுகள்.

கிந்தாவில் நிலைமையை மாற்றியது ஈயக் கப்பல். 1913 இல் பத்து காஜாவில் முதல் ஈயக் கப்பல் மிதந்தது. கடலில் ஓடும் கப்பலன்று இது. தான் தோண்டிய குட்டையிலேயே தான் மிதந்துகொண்டு, சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகளால் அடிமண்ணை அள்ளி, வயிற்றுக்குள்ளே ஈயத்தைப் பிரித்து, வெறும் மண்ணைப் பின்னால் துப்பிக்கொண்டு ஊர்ந்து செல்வது. நூற்றுக்கணக்கான கூலிகள் செய்த வேலையை இரவு பகல் ஓயாமல் ஒரு கப்பல் செய்தது. அதன் பசியும் பெரிது. ஒவ்வொரு கப்பலும் தனித்தனியே கொதிகலன் வைத்து விறகும் கரியும் தின்பதைக் காட்டிலும், ஓரிடத்தில் மின்சாரம் செய்து கம்பி வழியாக எல்லாக் கப்பல்களுக்கும் கொடுத்தால் மலிவாகுமே என்ற எண்ணம் பிறந்தது.

அதன் விளைவாக 1926 இல் பேராக் ரிவர் ஹைட்ரோ எலெக்ட்ரிக் பவர் கம்பெனி லண்டனில் பதிவாயிற்று. நம் மக்கள் வாயில் அது சுருக்கமாகப் 'பேராக் ஹைட்ரோ' ஆனது. பெயரில் ஆறும் நீரும் இருந்தாலும் அந்தக் கம்பெனி முதலில் திறந்தது நீர்மின் நிலையமன்று. கம்பாருக்கு அருகே மாலிம் நாவாரில் 1928 இல் நீராவி மின்நிலையம் ஒன்றைத் திறந்தது. அதற்கு வேண்டிய நிலக்கரி சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கத்திலிருந்து ரயிலில் வந்தது. அங்கே மண்ணுக்கு அடியில் கரி வெட்டியவர்களுள் தமிழரும் இருந்தனர். 1937 இல் அந்த ஊரில் நடந்த வேலைநிறுத்தம் மலாயா முழுவதையும் உலுக்கியது. அது தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே ஒன்று மட்டும் போதும்: பத்து ஆராங்கில் கை நின்றால் மாலிம் நாவாரில் நெருப்பு நிற்கும், நெருப்பு நின்றால் கிந்தாவில் கப்பல் நிற்கும். எரிபொருளை நம்பிய மின்சாரம் கரி வெட்டும் தொழிலாளியையும் நம்பியிருந்தது. முதலாளிகளுக்கு ஆற்றுநீர் ஏன் பிடித்துப் போயிற்று என்பதற்கு இதுவும் ஒரு காரணமென்று நான் எண்ணுகிறேன். ஆறு கூலி உயர்வு கேட்பதில்லை.

செண்டரோ அணையின் பொருளாதாரத்தை விளக்க ஓர் எளிய உவமை போதும். தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஒருவன் கிணறு வெட்டுகிறான். இன்னொருவன் தினமும் வண்டிக்காரனுக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறான். கிணறு வெட்டியவன் தொடக்கத்திலேயே நகையை அடகு வைத்துப் பெருந்தொகை செலவழித்து விட்டான். அதன்பின் அவனுக்குச் செலவு கயிறும் வாளியுந்தான். வண்டித் தண்ணீர்க்காரனுக்குத் தொடக்கத்தில் செலவில்லை, ஆனால் ஆயுள் முழுவதும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீர்மின்சாரம் கிணறு, நிலக்கரி மின்சாரம் வண்டித் தண்ணீர். இன்று பேசப்படும் சூரிய மின்சாரமும் கிணற்றைச் சேர்ந்ததே.

கிணறு வெட்டியவனுக்கு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று வட்டி. கடனுக்கு வட்டி உயர்ந்தால் அவன் தண்ணீர் வண்டித் தண்ணீரைவிட விலை கூடிவிடும். மற்றது, இறைத்த நீரை நாள் முழுவதும் வாங்க ஆள் வேண்டும். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என்று வாங்குவோரை நம்பிக் கிணறு வெட்டினால் அடகு நகை மீளாது. அணையும் அப்படித்தான். மின்சாரம் விற்றாலும் விற்காவிட்டாலும் கடனுக்கு வட்டி ஓடும். ஆகையால் அணை கட்டியவனுக்கு இரவு பகல் ஓயாமல் மின்சாரம் தின்னும் வாடிக்கைக்காரன் தேவை. கிந்தாவின் ஈயக் கப்பலைக் காட்டிலும் நல்ல வாடிக்கைக்காரன் எங்கே கிடைப்பான்? செண்டரோவும் ஈயக் கப்பலும் ஒன்றுக்கொன்று சோடியாக அமைந்தன. மாலை ஆறு மணிக்கு எரிந்து ஒன்பது மணிக்கு அணையும் குடிசை விளக்கு அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

கணக்கு எழுதியவர்கள் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. அணை வேலை முடியும் தறுவாயில் 1929 இன் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. ஈய விலை சரிந்தது. 1931 இல் சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டு, ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஈயம் எடுக்கலாம் என்று வரையறுத்தனர். கப்பல்கள் பல குட்டைகளில் சும்மா நின்றன. அணையில் தண்ணீர் இருந்தது, வாங்க ஆளில்லை. அதே ஆண்டுகளில் ரப்பர் விலையும் வீழ்ந்து, தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். இயந்திரத்தில் போட்ட முதலை ஊருக்கு அனுப்ப முடியாது, மனிதரை அனுப்பிவிடலாம். அன்றைய வீழ்ச்சியைக் கம்பெனி தாங்கியதற்கும் தொழிலாளி தாங்கியதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். விலை மீண்டபின் கம்பெனியும் மீண்டது. 1938 இல் கட்டப்பட்ட தஞ்சோங் துவாலாங் 5 ஆம் எண் ஈயக் கப்பல் முழுவதும் மின்சாரத்தால் இயங்கியது, எடை 4,500 டன். அது 1980களின் தொடக்கம் வரை உழைத்தது.

இப்போது கம்பி போன வழியைப் பார்ப்போம். செண்டரோவில் பிறந்த மின்சாரம் சுங்கை சிப்புட் வட்டாரத்தைக் கடந்துதான் தெற்கே கிந்தாவுக்குச் செல்ல வேண்டும். இருபுறமும் ரப்பர்த் தோட்டங்கள். ஈப்போ, கம்பார் முதலிய கிந்தா நகரங்களில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்து விற்கக் கிந்தா எலெக்ட்ரிக் டிஸ்டிரிபியூஷன் கம்பெனி என்று ஒன்று இருந்தது. ஈப்போவில் திரைப்படக் கொட்டகைகள் ஒளிர்ந்தன, பனிக்கட்டித் தொழிற்சாலைகள் ஓடின. தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனான். புகைவீட்டில் ரப்பர்த் தகடுகளை உலர்த்த விறகு எரிந்தது. ஈயத்துக்குப் போய்விட்ட மின்சார யுகம் ரப்பருக்கு வந்து சேரவில்லை.

தோட்டத்தில் மின்சாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. துரையின் பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் தோட்டத்தார் சொந்தமாக இஞ்சின் வைத்திருந்தனர். மிச்சமிருந்தால் கிராணிமார் வீடுகளுக்கு. அதற்கும் பிறகு, சில தோட்டங்களில், லயங்களுக்கு. நான் சிறுவனாக வளர்ந்த தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு பல்பு. மாலையில் இஞ்சின் சத்தம் கேட்டவுடன் பிள்ளைகள் கூச்சலிடுவோம். இரவு ஒன்பதரை மணிக்கு வெளிச்சம் ஒருமுறை மங்கி எழும். அதுதான் எச்சரிக்கை. அம்மா உடனே சிமினி விளக்கைக் கொளுத்துவார். பரீட்சைக் காலத்தில் இன்னும் அரைமணி இஞ்சினை ஓட்டும்படி பெரியவர்கள் போய்க் கேட்டார்கள், எண்ணெய்ச் செலவு என்று பதில் வந்தது. இரும்புக் கோபுரத்தின்மேல் போகும் கம்பிகளை அண்ணாந்து பார்த்து, அவற்றுக்குள்ளே என்ன ஓடுகிறது என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "ஈப்போவுக்குப் போற கரண்டுப்பா" என்றார். அவர் குரலில் மனக்குறை இல்லை. மழை மேகம் வேறு ஊருக்குப் போவதைப் போல அதையும் எடுத்துக்கொண்டார்.

இதைக் கம்பெனிக்காரர்களின் கெட்ட எண்ணம் என்று சொல்லிக் கோபித்துக்கொள்வது எளிது. ஆனால் கிணற்றுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். லயத்துக்குக் கம்பி இழுக்க ஆகும் செலவு பெரிது, ஒற்றைப் பல்பு மூன்று மணி நேரம் எரிவதால் வரும் வருமானம் சிறிது. லாபத்தை மட்டும் பார்ப்பவன் அந்தக் கம்பியை இழுக்கமாட்டான். அந்த இடத்தில் லாபக் கணக்கைத் தாண்டி ஒரு சர்க்கார்க் கணக்கு வந்தாலன்றி வெளிச்சம் வராது.

அப்படி ஒரு கணக்கு வந்ததற்கு உதாரணம் நம் தாயகத்திலேயே உண்டு. செண்டரோவுக்கு இரண்டு ஆண்டுகள் பின்னர், 1932 இல், நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கிற்று. அதைக் கட்டியது தனிக் கம்பெனியன்று, சென்னை மாகாண அரசாங்கம். அதற்கும் முதல் வாடிக்கை கோயமுத்தூர்ப் பஞ்சாலைகள்தாம். ஆனால் ஆலைக்குப் போன கம்பி வழியில் இருந்த கிராமத்துக்கும் கிளைவிட்டது. கொங்கு நாட்டுக் குடியானவர் ஆழக் கிணறுகளில் மின்சாரப் பம்பு வைத்துப் பருத்தியும் கரும்பும் விளைத்தனர். மேட்டூரும் 1944 இல் பாபநாசமும் பின்தொடர்ந்தன. சென்னை மாகாணம் மின்சாரப் பம்புகளில் இந்தியாவிலேயே முன்னணிக்கு வந்ததன் வேர் இங்கே இருக்கிறது. பேராக்கில் மின்சாரம் தோட்டத்தைத் தாண்டிப் போயிற்று, கோயமுத்தூரில் தோட்டத்துக்குள் இறங்கிற்று. அங்கே தோட்டத்துக் கிணறு குடியானவனுடையது, இங்கே தோட்டமே கம்பெனியுடையது. நிலம் யாருடையது என்ற கேள்விக்கும் வெளிச்சம் யாருடையது என்ற கேள்விக்கும் உள்ள உறவு இவ்வளவு நெருக்கமானது.

இலங்கை மலையகத்தின் கதை பேராக்கின் கதையோடு ஒட்டிவருகிறது. பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918 இலேயே நீர்மின்சாரத் திட்டத்தை எடுத்துரைத்தார். 1950 இல்தான் லக்சபானாவின் முதற்கட்டம் நிறைவேறிற்று. தேயிலை மலைகளின் நீரே அந்த மின்சாரத்தைத் தந்தது. அந்த மலைகளில் கொழுந்து பறித்த தமிழரின் லயன் அறைகளோ பல பத்தாண்டுகள் குப்பி விளக்கிலேயே கிடந்தன.

போருக்குப்பின் மலாயாவில் சர்க்கார்க் கணக்கு வந்தது. 1949 செப்டம்பரில் மத்திய மின்சார வாரியம் ஏற்பட்டது. ஆனால் பேராக்கின் பெரும்பகுதி தொடர்ந்து கம்பெனியின் கையிலேயே இருந்தது. அவசர காலம் அப்போது நடந்துகொண்டிருந்தது. முள்வேலிக்குள் புதுக்கிராமங்கள் எழுந்தன, வேலியைச் சுற்றி இரவில் விளக்குகள் எரிந்தன. வீட்டுக்கு முன்னால் வேலிக்கு வெளிச்சம் கிடைத்த விந்தையை அந்தக் காலம் கண்டது.

சுதந்திரத்துக்குப்பின் வாரியத்தின் முதற்பெரும் வேலை கேமரன் மலை நீர்மின் திட்டம். 1958 இல் இதற்காக உலக வங்கி 3 கோடியே 56 லட்சம் அமெரிக்க டாலர் கடன் கொடுத்தது. மலாயா அந்த வங்கியிடம் பெற்ற முதற்கடன் இதுவே. பகாங் பக்கத்து ஆறுகளின் நீரை மலையைக் குடைந்து பேராக் பக்கம் இறக்கி, ஜோர் என்னுமிடத்தில் நிலத்துக்கு அடியில் அமைத்த சுல்தான் யூசுப் நிலையத்தில் 100 மெகாவாட் மின்சாரம் எடுத்தனர். 1963 இல் அது இயங்கியது. அதற்குக் கீழே வோ என்னுமிடத்தில் அதே நீரை மறுபடியும் பயன்படுத்தி 150 மெகாவாட் எடுக்கும் நிலையம் பிறகு வந்தது. ஒரே நீர் இருமுறை உழைக்கிறது, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் மலைமேல் காய்கறித் தோட்டங்கள் பெருகப் பெருக, சரிவுகளில் வெட்டிய மண் மழையில் கரைந்து வந்து ரிங்லட் ஏரியை நிரப்பிற்று. வண்டல் வாரும் செலவு ஆண்டுதோறும் வாரியத்தின் தலையில் விழுந்தது. நீர்மின்சாரத்துக்கு எரிபொருள் செலவில்லை என்பது உண்மை. காட்டைக் காக்கத் தவறினால் அந்தச் செலவு வண்டலாக வந்து சேரும் என்பதும் உண்மை. 2013 அக்டோபரில் அந்த அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது.

லயத்துக்கு வெளிச்சம் எப்போது வந்தது? மத்திய வாரியம் 1965 இல் தேசிய மின்சார வாரியமாயிற்று. கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் திட்டங்கள் ஐந்தாண்டுத் திட்டங்களில் இடம்பெற்றன. ஆனால் தோட்டம் கிராமமன்று. அது தனியார் நிலம். தனியார் நிலத்தில் சர்க்கார் பணத்தைப் போடுவதற்கில்லை என்ற சட்ட நியாயம் குறுக்கே நின்றது. தோட்ட நிர்வாகமோ, இந்தச் செலவால் ரப்பர் கூடுதலாகச் சுரக்கப் போவதில்லை என்று கணக்குப் பார்த்தது. சர்க்காரின் கிராமத் திட்டம் தோட்டத்து வேலியருகே வந்து நின்றது, தோட்டத்தின் இஞ்சின் சத்தம் ஒன்பதரை மணிக்கு நின்றது. இரண்டுக்கும் நடுவில் லயம் இருந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர் பணத்தாலேயே வாங்கினார். நிலம் கையில் வந்தால்தான் மற்றவையெல்லாம் வரும் என்பது அவர் கண்ட உண்மையாக இருக்க வேண்டும்.

தோட்ட முதலாளிகள் தொழிலாளர் வீடுகளுக்குக் குழாய் நீரும் போதிய மின்சாரமும் தரவேண்டும் என்று விதித்த வீட்டுவசதிச் சட்டம் 1990 இல் வந்தது. செண்டரோ திறந்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் வந்தபோது ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டனர், வேறு பல இடங்களில் வீடமைப்புப் பேட்டைகள் எழுந்துகொண்டிருந்தன. பலர் மின்சாரத்தை முதன்முதலாக முழுநாளும் அனுபவித்தது தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு, ஈப்போவின் ஓரங்களில் கட்டிய மலிவுவிலை வீடுகளில்தான்.

இதற்கிடையே பேராக் ஆற்றின் மேற்பகுதியில் பெரிய அணைகள் எழுந்தன. 1973 இல் எண்ணெய் விலை நான்கு மடங்காக ஏறவே, எண்ணெயை நம்பியிருந்த மின்வாரியம் ஆற்றின் பக்கம் திரும்பிற்று. 1970களில் கட்டப்பட்ட தெமெங்கோர் அணை 127 மீட்டர் உயரமுடையது, அதன் திறன் 348 மெகாவாட். 1980களில் பெர்சியாவும் கெனெரிங்கும் வந்தன. தெமெங்கோர் ஏரியில் மூழ்கிய காட்டில் ஜகாய், தெமியார் முதலிய ஒராங் அஸ்லி மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் மறுகுடியேற்றப் பகுதிகளுக்கு மாற்றப்பட்டனர். மீனும் மூங்கிலும் வேட்டையும் இருந்த இடம் ஏரியாயிற்று. லயத்துக்காரனைக் கம்பி தாண்டிப் போயிற்று என்று நாம் வருந்துகிறோம். காட்டுக்காரனோ கம்பிக்காக வீட்டையே கொடுத்தான். சுத்தமான மின்சாரம் என்று எழுதும்போது புகையை மட்டும் கணக்கிட்டால் இந்தக் கணக்கு விடுபட்டுப் போகும்.

1982 இல் பேராக் ஹைட்ரோவும் கிந்தா எலெக்ட்ரிக்கும் தேசிய வாரியத்தின் கைக்கு வந்தன. மூன்றே ஆண்டுகளில், 1985 அக்டோபரில், சர்வதேச ஈய மன்றம் பணமின்றி முறிந்தது. ஈய விலை பாதியாகக் குறைந்தது. கிந்தாச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. எந்த வாடிக்கைக்காரனை நம்பி அணை கட்டினார்களோ அவனே மறைந்துவிட்டான். அணை மட்டும் நின்றது, கடனும் தீர்ந்து நின்றது. கிணறு வெட்டியவன் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் லாபம் இதுதான். இன்று செண்டரோ தரும் 40.5 மெகாவாட்டுக்கு எரிபொருள் விலை இல்லை, அடகு வட்டியும் இல்லை.

அப்படியானால் நாடு ஏன் மறுபடியும் நிலக்கரிக்குப் போயிற்று? 1981 இல் அரசாங்கம் எண்ணெய், எரிவாயு, நீர், நிலக்கரி என நான்கு எரிபொருட்களையும் கலந்து பயன்படுத்தும் கொள்கையை வகுத்தது. 1992 செப்டம்பரில் தீபகற்பம் முழுவதும் மின்சாரம் நின்று இருள் சூழ்ந்தது. அதைத் தொடர்ந்து தனியார் மின்நிலையங்களுக்கு நீண்டகால ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டன. லுமுட்டுக்கு அருகே செகாரியில் எரிவாயு நிலையம் வந்தது. 1997 முதல் மின்நிலையங்களுக்கு எரிவாயு சந்தை விலைக்கும் வெகு கீழே விற்கப்பட்டது. பத்து லட்சம் வெப்ப அலகுக்கு 6 வெள்ளி 40 காசு என்ற அந்த விலை 2008 வரை அசையவில்லை. வண்டித் தண்ணீரை ஊரார் பணத்தால் மலிவாக்கிவிட்டால் கிணறு வெட்ட யார் முன்வருவார்? சூரிய மின்சாரம் இந்நாட்டில் நெடுங்காலம் விலையுயர்ந்ததாகத் தோன்றியதற்கு வெயில் காரணமன்று, இந்தப் பின்னணியே காரணம்.

எரிவாயு குறையத் தொடங்கியதும் நிலக்கரி ஏறியது. மஞ்சோங் மாவட்டத்தில் லெக்கிர் கடற்கரையை ஒட்டி, கடலை நிரப்பி அமைத்த தீவில் பெரும் நிலக்கரி நிலையம் எழுந்தது. 2000களின் தொடக்கத்தில் மூன்று இயந்திரங்கள், 2015இலும் 2017இலும் மேலும் இரண்டு. மொத்தம் 4,000 மெகாவாட்டுக்கு மேல். பேராக் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் உள்ள அணைகளையெல்லாம் கூட்டினாலும் ஏறத்தாழ 650 மெகாவாட்தான். அன்று பத்து ஆராங்கிலிருந்து ரயிலில் வந்த கரி இன்று இந்தோனேசியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கப்பலில் வருகிறது. பத்து ஆராங் 1960 இல் மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டில் கரி விலை ஏறினால், வெள்ளியின் மதிப்பு இறங்கினால், அது நம் பில்லில் தெரியும். 2022 இல் உலகச் சந்தையில் கரி விலை தாறுமாறாக ஏறியபோது மானியத்துக்கு அரசாங்கம் கொட்டிய பணம் கொஞ்சமன்று.

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் 2011 இல் வந்தது. கூரைமேல் சூரியத் தகடு பொருத்தி மின்சாரம் விற்பவருக்கு நல்ல விலை கொடுக்க, மற்ற வாடிக்கைக்காரர்களின் பில்லில் முதலில் 1 விழுக்காடும் 2014 முதல் 1.6 விழுக்காடும் வசூலித்தனர். மாதம் 300 யூனிட்டுக்குள் செலவிடும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. இது நல்ல ஏற்பாடே. ஏழையின் பையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் கொடுத்தது யாருக்கு? சொந்தக் கூரையும் கையில் முதலும் உள்ளவருக்கு. பழைய தோட்டத்து மக்களில் பலர் இன்று அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். தலைக்குமேல் இருப்பது அவர்கள் கூரையன்று, அடுத்த மாடிக்காரரின் தரை.

2021 இல் இனிப் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. 2050 க்குள் மின்நிலையத் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. நீர்மின் அணைகளின் ஏரிகளில் சூரியத் தகடுகளை மிதக்கவிடும் திட்டமும் வழிகாட்டியில் இருக்கிறது. பகலில் வெயில் உழைக்க, தண்ணீரைச் சேமித்து இரவில் திறக்கலாம், அணைக்கும் ஏற்ற துணை அது. வட பேராக்கின் கெரியான் வட்டாரத்தில் தோட்ட நிலத்தில் பசுமைத் தொழிற்பேட்டையும் சூரிய மின்சாரமும் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டுள்ளது. ரப்பர், செம்பனை இரண்டுக்கும் பிறகு தோட்ட நிலத்துக்கு வாய்த்திருக்கும் மூன்றாம் பயிர் வெயில்.

மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது லயத்து மக்களுக்கு மாற்று வீடு எங்கே என்ற கேள்வி எழுந்தது. பல இடங்களில் வழக்கு மன்றம் வரை போயிற்று. செம்பனைக்குக்கூடக் குலை வெட்ட ஆள் வேண்டும். சூரியத் தகட்டுக்கு, பொருத்தி முடிந்தபின், புல் வெட்டவும் துடைக்கவும் சிலர் போதும். ஆகவே இந்தப் பயிரால் வேலை வரும் என்று நம்பியிருப்பது வீண். கேட்க வேண்டியது வேறு: அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு அருகிலுள்ள குடியிருப்புகளுக்குக் குறைந்த விலையில் கிடைக்குமா, சொந்தக் கூரையில்லாதவர் கூட்டுறவாகச் சேர்ந்து அந்த வயலில் பங்கு வாங்க வழியுண்டா, அல்லது கம்பி மறுபடியும் அவர்கள் தலைக்குமேலே வேறு ஊருக்குப் போய்விடுமா? தொழிலாளர் பத்து வெள்ளி, இருபது வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கிய அனுபவம் நம்மவருக்கு இருக்கிறது. சூரிய வயல் வாங்குவது அதைவிடக் கடினமா என்பதைக் கூட்டுறவுச் சங்கத்தார்தாம் சொல்ல வேண்டும்.

தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பல் இப்போது காட்சிப் பொருள். சென்ற ஆண்டு பேரப் பிள்ளைகளோடு போயிருந்தேன். வாளிச் சங்கிலி துருவேறி நிற்கிறது. வழிகாட்டிப் பையன் கப்பலின் எடையையும் வயதையும் ஒப்பித்துவிட்டு, "இதற்குக் கரண்டு எங்கிருந்து வந்தது தெரியுமா?" என்று பிள்ளைகளைக் கேட்டான். என் பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.